மூடி திறக்கிற வேலை

போதும் தம்பி, கழுவினது போதும், தோல் உரிஞ்சிடப் போகுது. துண்டு அந்தக் கொடியில கிடக்கு பாருங்க, துடைச்சிட்டு வந்து இப்படி உக்காருங்க. டீ ஆறிப்போயிருந்தா சொல்லுங்க, சூடு பண்ணித் தர்றேன். கையில பட்ட மருந்து ரெண்டு சொட்டுதானேன்னு பேன்ட்ல தடவப் பாத்தீங்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பூச்சிமருந்துக் கம்பெனி ஆளு, கையில ஒரு உறை இல்ல, மூக்குல ஒரு துணி இல்ல. டப்பா மேல மண்டையோடு படம் போட்டது உங்க கம்பெனிதானே? அது யாருக்கு, பூச்சிங்க பாத்துப் பயந்து ஓடறதுக்கா?

எங்க வீட்டுக்காரரா? முடி வெட்டிக்கப் போயிருக்காரு. நாளைக்கு போட்டோ எடுப்பீங்களாமே! இருநூறு பேர் வருவாங்களாம், மைக் செட்டாம், நாற்காலியாம், எங்க வரப்புல ஆள் உயர போர்டாம். என்ன எழுதியிருக்கீங்க அதுல? மூணு போகமா புகையான் பூச்சி அண்டாத நெல் வயல், எங்கள் மருந்தின் வெற்றின்னா? ம்ம். நல்லாத்தான் இருக்கு. காலையில இருந்து மனுஷன் கண்ணாடியை விட்டு நகரல. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ நேரம் பாத்துக்கல. அன்னிக்கே பாத்திருந்தா கொஞ்சம் அடக்கம் வந்திருக்கும்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. நாளைக்கு அவர்தான் பம்பைத் தோள்ல மாட்டி அடிச்சுக் காட்டணுமா? வேற யாரும் அடிக்கக் கூடாதா? நீங்களே அடிங்களேன், வயசுப் பிள்ளை, நல்ல உசரம். ஓஹோ, விவசாயி அடிச்சாத்தான் விவசாயி நம்புவானா. அதுவும் இந்தப் புது டப்பாதான், நீங்களே எல்லார் முன்னாடியும் அளந்து கலந்து குடுப்பீங்களா. சரி சரி. கம்பெனி முறைன்னா முறைதானே.

அவசரம் இல்லையே? அவர் வர இன்னும் அரை மணி ஆகும். இந்த நோட்டீசைக் குடுத்தீங்கல்ல, நீங்க கை கழுவற நேரத்துல பாத்தேன். வழவழன்னு நல்ல காகிதம், கலர் படம். பயிரைத் தின்னும் எதிரிகள்னு தலைப்பு. பன்னெண்டு படம், எல்லாத்து மேலயும் குறுக்கே சிவப்புக் கோடு. இந்தா, சிவப்பா முதுகுல கறுப்புப் பொட்டு வச்ச வண்டு ஒண்ணு இருக்கே, இது பேரு என்ன? தெரியாதா? பொறிவண்டு தம்பி. இது எந்தப் பயிரை எப்போ தின்னுச்சு? புகையான் குஞ்சைத் தின்னு வாழற ஜீவன். இது எதிரியா? சரி, இதுக்குப் பக்கத்துல இருக்கற படத்துல கால் எத்தனைன்னு எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க, வெக்கப்படாதீங்க. எட்டா? பூச்சிக்கு ஆறு கால்தானே. எட்டு இருந்தா அது சிலந்தி. நமக்குக் காவல் இருக்கறவனையே திருடன்னு படம் போட்டு ஊர் ஊரா ஒட்டியிருக்கீங்களே! ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி.

கோவிச்சுக்காதீங்க. நீங்க படம் வரையல, கம்பெனி குடுத்ததைக் கொண்டுவந்தீங்க. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, நான் படிச்சவ இல்ல, களை எடுக்கறவ. வரப்புல நின்னு பாக்கறவங்களுக்கு இலைதான் தெரியும். குனிஞ்சு கிடக்கறவளுக்குத்தான் தூர் தெரியும். புகையான் தூர்லதான் இருக்கும், தண்ணிக்கு ஒரு விரல் மேல, பழுப்பா, அரிசியில பாதிதான் இருக்கும். பயிரைத் தட்டினா பக்கவாட்டுல நடக்கும், கள்ளத்தனமா. எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் விவசாயம் பண்ணி ஒரு தடவைகூடக் குனிஞ்சு பாத்ததில்ல. அவரைப் பொறுத்தவரைக்கும் உலகத்துல ரெண்டே ஜாதி: பயிர், பூச்சி. அசையறதெல்லாம் பூச்சி. ஒருநாள் தீப்பெட்டிக்குள்ள எதையோ பிடிச்சிட்டு வந்து, இது புது ரகம்டி, பயங்கரமானதுன்னாரு. திறந்து பாத்தா தட்டான். பாவம், கொசுவைப் பிடிச்சுத் தின்னுட்டு அது பாட்டுக்குத் திரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

சிரிக்கறீங்க. அன்னிக்கு நானும் சிரிச்சேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைக் கேட்டா சிரிப்பு வராது.

நட்டு இருபத்தஞ்சு நாள் இருக்கும். நாலு இலை சுருண்டு வெள்ளைக் கோடு விழுந்துச்சு. இலைச்சுருட்டுப் புழு. சின்னப் பயிருக்கு அது ஒண்ணும் பெருசில்ல, பதினஞ்சு நாள்ல புது இலை விட்டுத் தானா தேறிக்கும். சொன்னேன், கேட்டாத்தானே? பக்கத்து வயல்காரர் மருந்து அடிச்சிட்டாரு, நாம அடிக்கலன்னா சோம்பேறின்னு சொல்லுவாங்களாம். இங்க அதான் வழக்கம் தம்பி. பயிர் எப்படி இருக்குன்னு யாரும் பாக்க மாட்டாங்க, உன் பம்ப் சத்தம் கேட்டுச்சான்னு பாப்பாங்க. உடனே அடிச்சாரு. புழு செத்துச்சு, கூடவே சிலந்தி மொத்தமும் செத்துச்சு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. காவல் இல்லாத வீடாச்சா, புகையான் குடும்பத்தோட வந்து இறங்கிடுச்சு. திரும்ப அடிச்சாரு. இலை மேல அடிச்சா தூர்ல இருக்கறவனுக்கு என்ன? திரும்பவும் அடிச்சாரு. நாலாவது தடவை காத்துக்கு எதிரா நின்னு அடிச்சாரு, வெத்து உடம்போட, சட்டை வேர்வையில ஒட்டுதுன்னு கழட்டிப் போட்டுட்டு.

சாப்பாட்டுத் தூக்கோட நான் போறப்ப வரப்புல குப்புறக் கிடந்தாரு. வாயில நுரை. கண்ணுமணி ஊசிமுனையா சுருங்கிப்போயிருந்துச்சு. பம்ப் தோள்ல இருந்து இறங்கவே இல்ல, முதுகெல்லாம் மருந்து வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. பதினாறாவது கட்டில், ஜன்னல் ஓரம். கிளம்பறப்ப டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, மருந்து உடம்புல ஊறிப்போயிருக்கும்மா, இனி அந்தப் பம்பைத் தொட விடாதீங்க, அடுத்த தடவை இங்க கூட்டிட்டு வர்ற அளவுக்கு நேரம் இருக்காதுன்னாங்க. வயல்ல பயிர் பாய் விரிச்ச மாதிரி வட்டம் வட்டமா கருகிக் கிடந்துச்சு. அதைப் பாத்து எனக்கு அழுகையே வரல. ஆள் இருக்காரே, அது போதும்னு இருந்துச்சு.

உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாதே. வெயில் மயக்கம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுல கெட்டிக்காரரு. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் பம்பைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் கத்தினேன், அழுதேன், ரெண்டு நாள் சாப்பிடாமகூட இருந்தேன். அசையலையே! பம்ப் தூக்காத ஆம்பளையை இங்க எவன் மதிப்பான்னாரு. ஆனா விரல் நடுங்குச்சு. சட்டைப் பொத்தான் போட முடியல, சவரம் பண்ணிக்க முடியல. டப்பா மூடியைத் திறக்க முடியாம மூணு தடவை திருகிப் பாத்துட்டு என்கிட்ட நீட்டினாரு.

அன்னியிலிருந்து மூடி திறக்கறதும், அளக்கறதும், கலக்கறதும் என் வேலை. அடிக்கறது அவர் வேலை.

என்ன கேட்டீங்க? அதுக்கப்பறம் மூணு போகம் புகையானே வரலையே, அது எப்படின்னா? நீங்கதான் சொல்லணும் தம்பி, போர்டு உங்களுதுதானே! சரி, நான் பண்ணினதைச் சொல்றேன், எழுதிக்காதீங்க. நாத்து நடறதுக்கு முன்னாடி நுனியைக் கிள்ளிப் போட்டுடுவேன். தண்டுதுளைப்பான் முட்டை நுனியிலதான் ஒட்டியிருக்கும். ஏன்டி கிள்றேன்னு கேட்டா, நீளமா இருந்தா நட முடியலைங்க, கை வலிக்குதுன்னு சொல்லுவேன். நடறவங்ககிட்ட சொல்லி எட்டடிக்கு ஓரடி பாதை விடச் சொன்னேன், தூருக்குக் காத்து வரட்டும்னு. அவர்கிட்ட, உங்களுக்குப் பம்ப் தூக்கிட்டு நடக்கத்தான்னேன், ஒரே சந்தோஷம். புகையான் தலை காட்டினா தண்ணியை வடிச்சுடணும். அவர்கிட்ட சொன்னா சண்டை. அதனால ரெண்டு நாளைக்கு வரப்புல தண்ணி ஒழுகற நண்டு வளை இருக்கும், அதை நான்தான் தோண்டுவேன். யூரியா மூட்டையில பாதி வைக்கோலுக்குள்ள ஒளிஞ்சுக்கும். அதிகமா போட்டா பயிர் கொழுகொழுன்னு ஆகி, அதுவே வா வான்னு பூச்சியைக் கூப்பிடும். ரெண்டு வருஷமா சிலந்தி திரும்ப வந்து வலை கட்டியிருக்கு. விடியக்காலையில பாருங்க, வயல் முழுக்கப் பனி கோத்து நிக்கும்.

மருந்தும்தான் அடிச்சாரேன்னா? அடிச்சாரே. போகத்துக்கு நாலு தடவை, ஊரே பாக்க, முகத்துல ஒரு பெருமையோட. துணி சோப்பைச் சீவிப் போட்டுக் கொதிக்க வச்சு ஆற விட்டா மஞ்சளா, கெட்டியா வரும். தண்ணியில ஊத்தினா அப்படியே பாலாட்டம் ஆகும், உங்க மருந்து மாதிரியே. நெடிக்கு ரெண்டு மூடி மண்ணெண்ணெய். உங்க பழைய டப்பாவுலயே ஊத்தி வச்சுட்டா யாருக்குத் தெரியும்?

ஏன் டீயைக் கீழ வச்சிட்டீங்க? குடிங்க.

உங்க மருந்து எல்லாம் பத்திரமா இருக்கு. பரண்ல, கிழிஞ்ச போர்வைக்குப் பின்னாடி, ஆறு டப்பா, சீல் உடைக்கல. கீழ ஊத்தினா கிணறு கெட்டுப்போகும், அதான் வச்சிருக்கேன். போறப்ப எடுத்துட்டுப் போயிடுங்க, எனக்கும் இடம் மிச்சம். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சாம், அந்தக் காக்காவுக்கு நாளைக்கு மாலை போடப்போறீங்க.

சொல்லுங்களேன். தாராளமா சொல்லுங்க. நாளைக்கு மைக்கைப் பிடிச்சு, பெரியோர்களே, மூணு போகமா இந்த வயல்ல அடிச்சது எங்க மருந்து இல்ல, இந்தம்மாவோட சோப்புத் தண்ணின்னு அறிவிப்பு குடுங்க. உங்க மேலதிகாரி பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, கேட்டுச் சந்தோஷப்படுவாரு. மாட்டீங்கல்ல? நல்ல பிள்ளை. போர்டு வைங்க, போட்டோ எடுங்க, உங்களுக்குப் பதவி உயர்வு வரட்டும். நான் உங்க பிழைப்புல மண்ணைப் போட மாட்டேன். நீங்களும் என் வீட்டு விளக்கை அணைச்சிடாதீங்க.

புது டப்பாவா? அதான் உங்க கால்கிட்டயே இருக்கே. தூக்கி மோந்து பாருங்க. மண்ணெண்ணெய் வாசம் வருதா? நீங்க குழாயடியில ரெண்டாவது தடவை சோப்புப் போட்டீங்களே, அப்பவே மாத்தியாச்சு. உங்களோடது உள்ள அரிசிப் பானைக்குப் பின்னாடி... ஐயோ, அரிசிப் பானை இல்ல, அடுப்புக்கு எதிர் மூலையில, கோணி போட்டு மூடி வச்சிருக்கேன். பயப்படாதீங்க, கையைத் துணி சுத்திக்கிட்டுத்தான் தொட்டேன். உங்களை மாதிரி இல்ல. நாளைக்கு இதையே அளந்து கலந்து குடுங்க. நுரை கொஞ்சம் கூட வரும், புது ஃபார்முலான்னு சொல்லிக்குங்க.

என்ன? என்ன சொன்னாரு?

இருங்க, மெதுவா சொல்லுங்க. நேத்து கடையில வச்சா? நீங்க கலந்து குடுப்பீங்கன்னு சொன்னதுக்கா? வேற யார் கலந்தாலும் பம்பைத் தொட மாட்டேன்னாரா? என் வீட்டுக்காரி கலக்கணும், அவ கலக்கலன்னா உங்க கூட்டமே வேண்டாம்னாரா? நாளைக்கு நேர்ல சமாளிச்சுக்கலாம்னு நீங்களும் விட்டுட்டீங்களா? என் வீட்டுக்காரர் சொன்னாரா இதை?

என்கிட்ட, என் கை ராசியான கைன்னுதான் சொல்லுவாரு. நானும் நம்பிக்கிட்டு...

தம்பி, அவருக்குக் கை நடுக்கம் நின்னு ஒரு வருஷம் ஆச்சு. சவரம் அவரேதான் பண்ணிக்கறாரு. ஊசியில நூல் கோத்துக் குடுக்கறாரு எனக்கு. ஊறுகாய் பாட்டிலை ஒரே திருகுல திறக்கறாரு. இந்த மருந்து டப்பாவை மட்டும் இன்னும் என்கிட்டதான் நீட்டுவாரு. நீட்டிட்டு, நான் கலக்கி முடிக்கற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பி நின்னு வயலைப் பாத்துக்கிட்டிருப்பாரு. பாருங்க, தெரிஞ்சுதான் திரும்பி நின்னிருக்காரு, இத்தனை நாள் இது என் புத்திக்கே எட்டல. பூச்சிக்குக் கால் எண்ணத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

சும்மா இருங்க, ஒண்ணும் இல்ல, மண்ணெண்ணெய் நெடி கண்ணுல ஏறிடுச்சு. அதோ வண்டிச் சத்தம், வந்துட்டாரு. ஐயையோ, தலையைப் பாருங்க, அறுவடை முடிஞ்ச வயலாட்டம் ஒட்ட வெட்டிட்டு வந்திருக்காரு. நாளைக்கு நானே வந்து கலக்கித் தர்றேன், நீங்க டீயைக் குடிச்சிட்டு எப்பவும் போல இருங்க. நாளைக்கு அவர் அடிச்சு முடிச்சதும் எல்லாரையும் பலமா கைதட்டச் சொல்லுங்க தம்பி. மனுஷனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.