அம்மாவுக்கு நெயில் பாலிஷ்

நியூ லின் செல்லும் ரயிலில் என் எதிரே ஓர் அக்காவும் தம்பியும் அமர்ந்திருந்தனர்.

“அம்மான்ர பிறந்தநாளுக்கு நெயில் பாலிஷ் வாங்கினனான்,” என்றாள் அக்கா.

“உனக்கென்ன விசரே? அவ ஒருநாளும் பூசினதில்லை.”

“நகத்துக்கில்லையடா, அடுப்புக் குமிழுக்கு. நிப்பாட்டுற இடத்தில கட்டியா ஒரு பொட்டு வைச்சா, தடவிப் பாத்தே அணைக்கலாம். கண் மங்கினது தெரிஞ்சா சமைக்க விடமாட்டமெண்டு பயத்தில ஒளிக்கிறா.”

“பொட்டைக் கண்டா, எங்களுக்குத் தெரியுமெண்டு விளங்கிடுமே.”

அக்கா பையிலிருந்து குப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தம்பியே ஒரு வழி சொன்னான்: “முதல்ல என்ர வீட்டு அடுப்புக்குப் பூசுவம். அவ வந்து பாத்திட்டுத் தனக்கும் கேக்கட்டும்.”

இத்தனை நாகரிகமான பரிசை நான் கண்டதில்லை. கேட்டதைச் சொல்லி மகிழ வீட்டில் இப்போது மனைவி இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.