பின்லாந்து மருந்து

கோபாலனுக்குச் சொந்தமாக ஒரு திரைச்சீலைகூடத் தேர்ந்தெடுக்கத் தெரியாது, இன்ஸ்பெக்டர். அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

மலேசியாவில், ஈப்போ பள்ளிக்கூடத்தில் என் பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதியவன் அவன். இங்கே லண்டன் வந்தும், இல்ஃபோர்டில் என் பக்கத்து வீட்டையே வாங்கினான். நான் பச்சைத் திரை போட்டால் மறுவாரம் அவன் ஜன்னலிலும் பச்சை. என் மகள் வயலின் கற்றாள்; தாளமே பிடிபடாத அவன் மகனும் வயலினைத் தூக்கினான். எனக்குக் கோபமில்லை. பெயருக்கு ஆசைப்படுகிறவன் இல்லை இந்த லெட்சுமணன்.

எண்பத்து நான்கில் ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். அடுத்த மாதம் அவனும் சேர்ந்தான்.

அங்கே தேர்ந்தவர்கள் கடைத் தோட்டாவைத் தொடமாட்டார்கள். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டு பொருத்துவார்கள். மருந்தின் அளவுதான் ரகசியம். அதை நோட்டில் எழுதி மேசையில் திறந்தே வைப்பார்கள், அடுத்தவர் பார்க்கமாட்டார். வெள்ளைக்காரர்களின் மரியாதை அது. கோபாலன் மட்டும் டீக்குச் சர்க்கரை எடுக்கும் சாக்கில் என் நோட்டை எட்டிப் பார்ப்பான். அவனுக்குச் சர்க்கரை வியாதி.

போன வருடம் என் அளவை வைத்தே கோப்பையை வாங்கினான். "எல்லாம் என் சொந்தக் கணக்கு" என்று மேடையில் சொன்னான். இறங்கி வந்து என் முதுகில் தட்டினான்.

"என்ன லெட்சு, ரெண்டாவதா? பரவாயில்ல லா. கை தட்டவும் ஆள் வேணுமில்ல?"

நானும் கை தட்டினேன்.

அதன் பிறகுதான் மருந்தை மாற்றினேன். கிளப்பில் எல்லாரும் போடுவது ஒரே மருந்து. அதன் அளவு கையேட்டிலேயே இருக்கிறது. தப்பாகப் போட்டால் பக்கத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார். யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. மூன்று மாதம் கடை கடையாகக் கடிதம் எழுதினேன். ஸ்காட்லாந்தில் ஒரு கடைக்காரரிடம் பின்லாந்து மருந்து மூன்று டப்பா கிடந்தது. கையேடுகளில் அதன் பெயரே இல்லை. கடையில் இருந்தது ஒரே ஒரு அளவுத் தாள். தாளையும் இரண்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டேன். கடை விலாசத்தை நோட்டில் குறித்து, நோட்டை மேசையில் வைத்தேன். எட்டாவது நாள் மூன்றாவது டப்பாவும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

நோட்டில் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். கொஞ்சம் என்பது சரியான சொல் இல்லை.

எப்போதும் ஆங்கிலத்தில் எழுதுகிறவன், அந்தப் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதினேன். எண்ணைக்கூட எழுத்தால் எழுதினேன். கிளப்பில் நாற்பத்தொரு பேர். அதில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். வேறு யாராவது தவறிப்போய்ப் பார்த்து அடிபட்டுவிடக் கூடாது பாருங்கள். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

சனிக்கிழமை அவனுக்குப் பக்கத்தில் படுத்துச் சுடுவதுதான் என் வழக்கம். அன்று நான்கு இடம் தள்ளிப் படுத்தேன். முதல் தோட்டாவிலேயே அவன் ரைபிள் பிளந்தது. வலது கண்ணும் மூன்று விரல்களும் போயின. அவன் மனைவி தவமலருக்கு டெலிபோன் செய்ததும் நான்தான். ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிப் போனேன்.

அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கிளப் செயலாளர் என் எதிரிலேயே, "இந்த அளவு எங்கே கிடைத்தது?" என்று அவனைக் கேட்டார். கட்டுக்குள்ளிருந்து கோபாலன் ஆங்கிலத்தில் சொன்னான்: "யாரிடமும் கேட்கவில்லை. நானே கணக்குப் போட்டேன். துணிந்தவன்தானே புதிதாக எதையும் கண்டுபிடிப்பான்?" பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "இல்லையா லெட்சு?" என்றான்.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளப் சுவரில் அவன் பெயரில் பித்தளைப் பலகை மாட்டப் போகிறார்களாம். உங்கள் அறிக்கையிலும் 'அவரே கணித்த அளவு' என்றுதான் இருக்கிறதாமே.

அதனால்தான் நானாக வந்தேன். இதோ நோட்டு, இதோ தாள். ஜெயிலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கோபாலன் மேல் பகையும் இல்லை. அறிக்கையை மட்டும் திருத்துங்கள். அந்த அளவு என்னுடையது, மூன்று மாத உழைப்பு.

அவன் பார்த்துத்தான் எழுதினான்.