கதவு திறந்து கிடக்கட்டும்

கதவைச் சாத்தாதேங்கோ தம்பி. திறந்து கிடக்கட்டும். ஓம் ஓம், குளிர்தான், எனக்கும் தெரியுது. ஏப்ரல் மாசத்து வெயிலை நம்பி ஜக்கெற் போடாமல் வந்தது உங்கட பிழை. ஆ, உந்தக் கதிரையிலை இருக்காதேங்கோ. இந்த வாளியைக் கவிட்டுப்போட்டு இருங்கோ. பிளாஸ்கிலை தேத்தண்ணி கிடக்கு, ஊத்தித் தாறன்.

ஹீற்றரோ? விக்கிறதுக்குப் போட்ட அட்டிலை அது இல்லையே. என்ர மகன் வாகீசன் நாத்துத் தட்டும் மேசையும் இந்தப் பிளாஸ்ரிக் கூடாரமும் எண்டுதான் போட்டவன். படத்திலை மூலைக்குள்ளை கிடந்ததைக் கண்டனியளோ? நல்ல கண்தான் உங்களுக்கு. அதுக்காக ரெக்ஸ்டேலிலை இருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறியள். இருங்கோ, என்ன அவசரம்.

எனக்குச் சொல்லாமல்தான் அட் போட்டவன். மார்க்கம் ரவுணிலை வீடு, கொம்பியூட்டர் வேலை. நான் இந்தக் காணியை விட்டிட்டுத் தன்ர பேஸ்மென்றுக்கு வந்திட வேணும் அவனுக்கு. சாமான் ஒவ்வொண்டாப் போனால் அம்மாவும் பின்னாலை வந்திடுவா எண்டு நினைக்கிறான் போலை. நல்ல பிள்ளை, குறை சொல்லேலாது. தேப்பன் போய் இந்தச் சித்திரையோடை ஒரு வருசம். அவனும்தானே தனிய நிண்டு அழுறான்.

நாத்தோ? பாருங்கோ வடிவா. அது கத்தரி, இது தக்காளி, அங்காலை கறிமிளகாய். இப்ப ஒரு சாண் நிக்க வேணும். விரலளவு கூட இல்லை. கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு வளரேல்லை எண்டால் எப்பிடி வளரும் எண்டு வாற ஆக்கள் எல்லாரும் கேக்கினம். நியாயந்தான். மே மாச லோங் வீக்கெண்டுக்குச் சனம் கார் காரா வரும், அன்ரி நாத்து ரெடியோ எண்டு. இந்த முறை வந்து என்ர மூஞ்சியைப் பாத்திட்டுப் போகட்டும்.

நாங்கள் முதல் சென் ஜேம்ஸ் ரவுணிலை, பதினேழாம் மாடி. பல்கனியிலை நாலு வாளியிலை மிளகாய் வைச்ச மனுசன் இவர். அருள்நாயகம் எண்டால் கீழ் வீட்டுக்காரருக்கும் தெரியும், தண்ணி அவையின்ரை தலையிலைதானே ஒழுகிறது. பக்ரறியிலை இருபத்தேழு வருசம் காருக்கு சீற் தைச்சவர். பென்சன் எடுத்த கையோடை இந்தப் பக்கத்துப் பண்ணைக்கார லெஸ்லியிட்டை மூண்டு ஏக்கரும் ஒரு சின்ன வீடும் குத்தகைக்கு எடுத்திட்டார். றோட்டுக்கரையிலை மேசை போட்டுப் பயித்தங்காய், வெண்டிக்காய், கீரை. வித்தது ஒரு பங்கெண்டால் வாற சனத்தோடை கதைச்சது பத்துப் பங்கு. சந்தோசமா இருந்தார் தம்பி. அவ்வளவு சந்தோசமா அந்த மனுசனை நான் முந்திக் கண்டதே இல்லை.

அவர் போறதுக்கு முந்தின வருசம் ஏப்ரல் கடைசியிலை ஸ்னோ கொட்டிச்சுது. அறுநூறு நாத்து, விடியப் பாத்தால் அவிச்ச கீரை மாதிரிக் கிடக்கு. நான் சும்மா விட்டனோ? நாலு ஓட்டை அடைக்கத் தெரியாத உங்களுக்கு என்னத்துக்குத் தோட்டம் எண்டு கேட்டன். என்ர நாக்கிலை சனி. மனுசன் செத்த நாத்தைக் கொட்டிப்போட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டு நிண்டவர்.

அதுக்குப் பிறகுதான் உந்தக் காஸ் ஹீற்றர் வாங்கினது. நல்லா எரியும், அதிலை பிழை சொல்லேலாது. லெஸ்லி வந்து பாத்திட்டு, எரியேக்கை கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கோ எண்டு கையாலையும் காட்டினவன். நாங்கள் சிரிச்சம். ஹீற்றரையும் போட்டுக் கதவையும் திறக்கிறதோ, வெள்ளைக்காரனுக்கு விசர் எண்டு சொன்னது நான்தான். பேந்து நானே ஏணி வைச்சு ஏறி, ஓட்டை ஓட்டையாப் பாத்து பிளாஸ்ரிக் ரேப் ஒட்டினன். ஊசி போக இடமில்லை. மேலை பாருங்கோ, தொங்குது. பிறகு வாகீசன் கத்தியாலை கிழிச்சது.

நீங்கள் உதைக் கொண்டுபோய் எங்கை வைக்கப் போறியள்? கராஜுக்குள்ளையோ? அம்மா நாத்துப் போடுறாவோ? கராஜ் கதவு பூட்டித்தான் கிடக்குமோ?

இல்லைத் தம்பி. உது விக்கிறதுக்கில்லை. கோவிக்காதேங்கோ. அம்மாவுக்குக் கத்தரி ரெண்டு தட்டு கொண்டு போங்கோ, காசு வேண்டாம். யன்னலடியிலை வெயில் படுற இடமா வைச்சாலே மெல்ல மெல்ல வரும்.

போன சித்திரை, வருசம் பிறந்து நாலாம் நாள். நல்ல மழை, ஐஸும் கலந்து. மத்தியானம் சாப்பிட்டிட்டு இஞ்சை வந்து ஹீற்றரைப் போட்டவர். தலையிடிக்குது எண்டு போனிலை சொன்னார். தேத்தண்ணி குடிக்காத தலையிடி, கொண்டு வாறன் எண்டன். ஊத்திக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், உந்தக் கதிரையிலை இருந்தபடி நித்திரை. முகம் சிவந்து கிடந்தது, சூட்டுக்கு எண்டு நினைச்சன். குறட்டையும் கேட்டது. ஓம், அப்ப மூச்சு இருந்தது.

காஸ்தான் ஆளைக் கொண்டுபோனது எண்டு எல்லாருக்கும் தெரியும். வாகீசனுக்கும் தெரியும். நான் இடையிலை வந்து பாத்தது மட்டும் அவனுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரேல்லை. விடிய அஞ்சு மணிக்கு எழும்பின மனுசன், கொஞ்சம் படுக்கட்டும் எண்டு தேத்தண்ணியைத் திருப்பிக் கொண்டு போனன். குளிர் உள்ளை வந்தால் முழிச்சிடுவார் எண்டு, சத்தம் கேக்காமல் கதவை இறுக்கிச் சாத்தினது நான்தான்.

குடியுங்கோ தம்பி. ஆறுது.