கரையில் யாரும் இல்லை

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதியுள்ளபடி சரியானவை. வயது ஐம்பத்து மூன்று. பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு ஆண்டுகளாக நேரக் காப்பாளராக வேலை பார்க்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும், எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும் என்று பார்த்துப் பதிவது என் வேலை. வேலைக்கு வராத ஓட்டுநரையோ நடத்துநரையோ வந்ததாக நான் ஒருமுறைகூடப் பதிந்ததில்லை. இறந்துபோனவர் என் மனைவி. வயது நாற்பத்தெட்டு.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு ஆனதை முன்னிட்டு என் மகள் எங்கள் இருவரையும் ஆறு நாள் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பிவைத்தாள். வழியனுப்பும்போது, "அங்க போயாவது அம்மாவ விரட்டாதீங்கப்பா" என்றாள். விரட்டுவது என்பது தவறான சொல். என் மனைவி எதற்கும் நேரத்துக்குக் கிளம்பமாட்டாள். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும்போதுதான் கேஸை மூடினோமா என்று பார்க்க உள்ளே போவாள். ஒருநாளாவது அது திறந்திருந்ததா என்றால் இல்லை. ஒரு கல்யாணத்துக்கும் தாலி கட்டுவதற்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்ததில்லை.

கப்பலில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். அறைக் கதவு திறப்பதற்கும், கரைக்கு இறங்கி ஏறும்போது வாசல் இயந்திரத்தில் வைப்பதற்கும் அதுதான். வைத்தால் திரையில் படம் வரும், ஒரு சத்தம் கேட்கும். என் மனைவி எதையும் தொலைத்துவிடுவாள் என்பதால் அவள் அட்டையும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. முதல் இரண்டு நாளும் இரண்டு அட்டைகளையும் நானே வைத்தேன், அவள் என் பின்னால் வந்தாள். வாசல் காவலருக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

மூன்றாம் நாள் கடல் நடுவே ஒரு மணல் திட்டுக்குச் சிறு படகுகளில் அழைத்துப்போனார்கள். அங்கே மரம் கிடையாது, வீடு கிடையாது, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மணல் மேடு மட்டும் இருந்தது. கடைசிப் படகு மூன்றரைக்கு என்று சொன்னார்கள். படகோட்டி சிரித்துக்கொண்டே, "அஞ்சு மணிக்கு மேல இங்க மீனுக்குத்தான் இடம்" என்றார். தண்ணீர் ஏறினால் திட்டு முழுவதும் மூழ்கிவிடும் என்பது அப்போதே எனக்குத் தெரியும். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரியும்.

அதன் பின்பு இரண்டு நாற்பதுக்கு அவளைக் கிளம்பலாம் என்று கூப்பிட்டேன். அவள் மேட்டுக்கு அந்தப் பக்கம் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இதோ வந்துட்டேங்க, ரெண்டே நிமிஷம்" என்றாள். பன்னிரண்டு நிமிடம் நின்றேன். படகில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. நான் மட்டும் ஏறிவிட்டேன்.

அதன் பின்பு கப்பல் வாசலில் என் அட்டையை வைத்துவிட்டு அவள் அட்டையையும் வைத்தேன். காவலர், "அம்மா எங்க சார்?" என்று கேட்டார். "முன்னாடியே ஏறிட்டா, கார்டுதான் எப்பவும் என்கிட்ட இருக்குமே" என்றேன். பின்னால் வரிசை நின்றதால் அவர் தலையாட்டினார். இதை மறதியாகச் செய்யவில்லை. கடைசிப் படகில் அவள் வந்ததும், ஏற்கெனவே உள்ளே போன ஆள் எப்படித் திரும்பவும் வருகிறார் என்று அவளை வாசலில் நிறுத்திவைப்பார்கள், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அறைக்குப் போன் வரும், நான் மெதுவாக நடந்து போய் நேரம் என்றால் என்ன என்று இப்போதாவது தெரிகிறதா என்று கேட்பேன் என எண்ணினேன். அதற்காக மூன்று மணி முதல் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன் வரவில்லை. மூன்றரைக்குச் சற்று முன்னால் சிறு படகுகளை மேலே தூக்கிக் கட்டும் சத்தம் கேட்டது. மற்ற எல்லாரும் ஏறிவிட்டதால் வாசல் இயந்திரத்தின் திரையில், கரையில் யாரும் இல்லை என்று வந்திருக்கிறது, அதனால் கடைசிப் படகை அவர்கள் அனுப்பவே இல்லை. இப்படி நடக்கும் என்று தெரியாதா என்று விசாரணை அதிகாரி கேட்டார். பணிமனையில் ஏற ஆள் இல்லாத பேருந்து நடையை ரத்து செய்பவனே நான்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

மூன்று நாற்பத்தைந்துக்குக் கப்பல் நகர்ந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கப்பலைத் திருப்பினால் ஆயிரம் பேருக்கு ஏன் என்று தெரியவரும். என்னால் ஒரு வண்டி தாமதமானது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அறைக்குள்ளேயே இருந்தேன்.

அதன் பின்பு நான்கு பத்துக்கு அறை சுத்தம் செய்பவர் கதவைத் தட்டி, கடற்கரைக்குக் கொடுத்த துண்டில் ஒன்று குறைகிறது என்றார். "அம்மா குளிச்சிட்டிருக்கா, அப்புறம் வாங்க" என்றேன். அவர் போகாமல் நின்றதால் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவர் போன பின்பும் ஐந்து மணிவரை அது ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மூடினேன்.

அதன் பின்பு ஏழு மணிக்குச் சாப்பிடப் போனேன். பரிமாறுபவர் வழக்கம்போல இரண்டு தட்டு வைத்துவிட்டு, அம்மா வரவில்லையா என்று விசாரித்தார். தலைவலி என்றேன். அவர் அவளுக்கென்று ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றி மூடிக் கொடுத்தார். நல்ல மனிதர். அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஆறிவிடும் என்பதால் நானே குடித்தேன்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு வரவேற்பு மேசைக்குப் போய் மனைவியைக் காணவில்லை என்று சொன்னேன். அன்று பிற்பகல் மீனவர்கள் அவள் உடலைக் கொண்டுவந்தார்கள். நான்தான் அடையாளம் காட்டினேன்.

இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அதன் பின்பு அதிகாரி, எங்கள் பக்கத்து அறை அம்மாள் தன் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஆகவே, கப்பல் நகர்ந்தபோது அறைக்குள்ளேயே இருந்தேன் என்று மேலே சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன். நான் பால்கனியில் நின்றேன்.

கப்பல் திரும்பும்போது அந்தத் திட்டின் பக்கமாகப் போனது. அவள் தண்ணீர் ஓரத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை அம்மாள், "பாவம், அந்த ஊர்ப் பொம்பள போல, நமக்கு டாட்டா காட்டுது பாருங்க" என்றார். வரிசையாக எல்லாப் பால்கனியிலும் இருந்தவர்கள் கை காட்டினார்கள். சும்மா நின்றால் என்னைக் கவனிப்பார்கள் என்று நானும் கை காட்டினேன். வீடியோவில் மஞ்சள் சட்டை போட்டிருப்பது நான்தான். அந்தச் சட்டை அவள் எடுத்துக் கொடுத்தது, எவ்வளவு தூரத்திலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

என்னைப் பார்த்ததும் அவள் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தாள் என்று அதிகாரி கேட்டார். நான் பார்த்துவிட்டேன், ஆள் அனுப்புவேன் என்று உட்கார்ந்திருப்பாள். ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டால் அதன் பிறகு அவள் அதைப் பற்றிக் கவலைப்படவே மாட்டாள்.

இதை எழுதியவர் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னவை உண்மை. யாரும் என்னை மிரட்டவில்லை. முற்பகல் பதினொன்று நாற்பதுக்குக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)