டிக்கட்டில் ஒரு பேர், பிளைட்டில் ஒரு பேர்

— இல்ல றிபா, நான் போய் நிண்டது எங்கட நாட்டு பிளைட் கொம்பனிட கவுண்டருக்கு முன்னால. அதான் பிழ.

— டிக்கட்டுல அவங்கட பேருதானே நானா போட்டிரிக்கி? எனக்கும் அனுப்பினீங்க, நானும் பாத்தன்.

— பேரு அவங்கட. பிளைட் அவங்கட இல்ல.

— இதென்ன கத?

— விக்கிறது ஒருத்தன், பறக்கிறது இன்னொருத்தன். ரெண்டு கொம்பனியும் கூட்டு. ஒரே பிளைட்டுக்கு ஆளுக்கொரு நம்பரப் போட்டு விக்கிறாங்க. நாம போகவேண்டியது பறக்கிறவன்ட கவுண்டருக்கு...

— பொறுங்க, பொறுங்க. கல்முனை பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணினா, கொழும்புக்கு வேற பஸ்ல ஏத்தி உடுவானே... அப்பிடியா?

— ஓம், அதேதான். ஆனா அங்க ஆள் வந்து கூப்புட்டு ஏத்துவான். இந்த றியாத் எயார்போட்டுல ஒருத்தனும் கூப்புட மாட்டான்.

— அத டிக்கட்டுல போட மாட்டாங்களா?

— போட்டிருந்திச்சி. நம்பருக்குக் கீழ, சின்ன எழுத்துல. நான் மேல் வரிய மட்டுந்தான் பாத்தன்.

— உங்கட மச்சான் கொழும்பு பஸ் எண்டு திருகோணமலை பஸ்ல ஏறினத, பத்து வருசமாச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீங்க...

— இப்ப நீ சிரி.

— சிரிக்கல்ல நானா. உம்மா இப்பிடிக் கெடக்கக்குள்ள சிரிப்பும் வருமா... சரி, இப்ப மத்தக் கவுண்டர்லதானே நிக்கிறீங்க?

— ...ஓம். லைன்ல.

— ஆக்கள் கூடவா?

— கூடத்தான்.

— எட்டு மணிக்கு வெளிக்கிடும் எண்டீங்க. இஞ்ச இப்ப பத்தேமுக்கால். அப்ப அங்க... நானா, அங்க எட்டேகால் ஆகிட்டே! பிளைட் போயிட்டா?

— போயிட்டு.

— லைன்ல நிக்கிறன் எண்டீங்க?

— உன்னட்ட என்னெண்டு சொல்லுற? மூடிக் கெடந்த கவுண்டருக்கு முன்னால ஒண்டரை மணித்தியாலம் நிண்டிரிக்கன். இப்ப திறப்பாங்க, இப்ப திறப்பாங்க எண்டு. தரை துடைக்கிற பங்களாதேஷ்காரன் ஒருத்தன்தான் டிக்கட்ட வாங்கிப் பாத்தான். 'பாய், இது மத்த டெர்மினல்' எண்டான். ஓடினன். போய்ச் சேரக்குள்ள மூடிட்டாங்க. பெட்டியும் இல்ல, கைப்பை மட்டுந்தான் எண்டு கெஞ்சினன்...

— உம்மாக்குக் கடுமை எண்டு சொல்லல்லயா?

— சொன்னன். அந்தக் கவுண்டர்ப் புள்ள ஒண்டும் பேசாம ஒரு தண்ணிப் போத்தல எடுத்துத் தந்திச்சி.

— அடுத்த பிளைட்?

— ராவைக்கு. கட்டுநாயக்கால எறங்கி வேன் புடிச்சா நாளைக்குப் பகல் ளுஹர் தொழுகை நேரமாகும், ஊருக்கு வர.

— நாளைக்கா... இண்டைக்கு ராவு பத்துப் பதினொண்டுக்குள்ள எப்பிடியும் ஏலாதா?

— ஏலாது புள்ள. இந்தப் பிளைட்டெண்டாத்தான் ஏலும். உம்மாக்கு எப்பிடி இரிக்கி?

— அப்பிடியேதான். கண்ண மூடிட்டுப்... படுத்திரிக்கா.

— ம்.

— நானா.

— சொல்லு.

— எப்ப போனெடுத்தாலும் 'உம்மாட்டக் குடு' எண்டுதானே மொதல்ல சொல்லுவீங்க. விடிஞ்சதுல இருந்து நாலு தரம் எடுத்திட்டீங்க. ஒரு தரமும் கேக்கல்ல.

— கேட்டா நீ என்ன சொல்லுவாய்? நீ கடுமை எண்டு சொல்லிப் போனை வெக்கிற, சாய்ந்தமருது வாட்ஸ்அப் குறூப்புல பள்ளிவாசல் மரண அறிவித்தல் வாற. 'மர்ஹூம் ஸைனுலாப்தீனின் மனைவியும், பாயிஸ், றிபா ஆகியோரின் தாயாருமான சித்தி லைலா...' என்ட பேர நானே வாசிச்சன் றிபா. அத வாசிச்ச கண்ணாலதான் டிக்கட்டையும் போட்டன்.

— தெரிஞ்சிக்கிட்டா கேட்டீங்க, உம்மாக்கு எப்பிடி எண்டு?

— நீ சொல்லாம இருக்கிற வரைக்கும்... சரி, உடு.

— தனியா இருந்து அழுதழுது வருவீங்க எண்டுதான் நானா மறைச்சன். ராவைக்கு நீங்க வருவீங்க, அது வரைக்கும் வெக்கலாம் எண்டு பள்ளியில சம்மதிச்சிருந்தாங்க. பிளைட் தப்பி நாளைக்கு எண்டா ஏலாதாம், இண்டைக்கு ளுஹரோட அடக்க எடுக்கணும் எண்டு அப்பவே சொல்லிட்டாங்க. பள்ளி மரைக்கார் வாசல்ல வந்து நிக்காரு. ஒரே ஆம்புளப் புள்ள, அவரக் கேக்காம எடுக்க மாட்டம் எண்டு சொல்லிட்டாரு... குளிப்பாட்டி, கபன் புடவையும் உடுத்தியாச்சி. நீங்க பாக்கணும் எண்டு முகத்த மட்டும் மூடாம வெச்சிரிக்கம். மூடட்டா நானா? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க... நானா...