வேண்டாம் என்று சொன்ன பெண்கள்

எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராது. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களைப் பற்றி அண்ணி ஆராய்ச்சி செய்கிறார். "நான் கேட்டா வாயே திறக்க மாட்டேங்குதுங்க. நீயும் பாதியில நின்னவதானே, உன்கிட்ட பேசுவாங்க" என்று போனைக் கொடுத்து அனுப்பினார். திரும்பப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அவருடைய பல்கலைக்கழகம் மாலை வகுப்பு நடத்தும். ஒருத்தி கேட்டாலும் நடத்தும்.

ஒவ்வொரு பெண் முன்னாலும் போனில் பதிவைப் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பேசாததால் அவர்கள் கொட்டித் தீர்த்தார்கள். எல்லோருக்கும் படிக்க ஆசை. கீழ்வீட்டுத் தையல்காரர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வகுப்புன்னு ஒரு காகிதம் வந்தாப் போதும்க்கா, அப்பா கல்யாணப் பேச்ச நிறுத்திடுவாரு. உங்க பக்கத்துல எனக்கு இடம் குடுப்பீங்கல்ல?"

அன்று இரவு, வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதால்தான் நான் பள்ளியையே விட்டேன். யாரும் சிரித்ததில்லை. சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பேட்டிகளை எழுத்தாக்குவதும் என் வேலைதான். அதற்கு அண்ணி சாட்பாட்டைப் பழக்கிக் கொடுத்திருந்தார். படிப்பு வேண்டாம் என்று பெண்கள் சொல்வதுபோல் பேட்டிகளை எழுதித் தரும்படி அதனிடம் கேட்டேன், ஆளுக்கொரு காரணத்தோடு. "அருமையான யோசனை" என்று தொடங்கியது. எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. முதலில் எல்லாப் பெண்களும் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினார்கள். அங்கங்கே ஒரு "ம்", ஒரு "போங்கக்கா" சேர்க்கச் சொன்னேன். தையல்காரர் மகளுக்கு மட்டும் நானே எழுதினேன்: "படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறேன்?" பிறகு பதிவுகளை அழித்தேன். போனில் இடம் இல்லை என்று அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணி அந்தப் பேட்டிகளை அதே சாட்பாட்டிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். "மிக நேர்மையான குரல்கள்" என்றது. தான் பெற்ற பிள்ளையைத் தானே கொஞ்சுவதில் என்ன தப்பு?

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்திக்குக்கூடவா ஆசையில்ல?"

"எனக்கு இருக்கு அண்ணி."

தையல்காரர் மகள் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "ஏதாவது சேதி வந்துச்சாக்கா?" என்பாள். இப்போது கேட்பதில்லை. போன வாரம் கல்யாணம் முடிந்துவிட்டது. கூட்டமாக இருக்கும் என்று நான் போகவில்லை.

வகுப்பு நன்றாக நடக்கிறது. பெரிய அறை, நான் ஒருத்தி மட்டும். வாசிக்கும்போது குரல் நடுங்குவதில்லை. பக்கத்து இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எடுத்துவிட்டு இடம் கொடுத்திருப்பேன்.