அந்தப் பலகைக்கு என் மகள் பேர் வேண்டாம்

கூட்டத்துக்குத் தலைமையேற்று நடுவில் வீற்றிருக்கும் கடற்கரை உழைப்பாளர் சங்கத் தலைவர் வாசுதேவன் ஐயா அவர்களே, அலைச் சத்தத்திலேயே பிறந்து, அலைச் சத்தத்திலேயே வளர்ந்து, இன்று அந்த அலைக்கே பயந்து வாசலில் மணல் மூட்டை அடுக்கி வாழ்கிற கோவளத்துப் பெரியவர்களே, நெம்மேலியிலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் பஸ் பிடித்து, இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக வந்து சேர்ந்திருக்கிற தாய்மார்களே, அலைத்தொடர் கம்பெனியின் சார்பில் வந்திருக்கிற தம்பி பிரவின்குமார் அவர்களே, பந்தலுக்குள் இடமில்லாமல் ஐஸ் வண்டிப் பக்கம் நின்று கேட்கிற அண்ணாத்தமார்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அணுபுரம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவள். கோயில் திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் பேச்சாளர்கள் முழங்குவதைத் தூரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதே மாதிரி பேசிப் பார்க்கிறேன். எங்காவது தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை எதற்கு மேடையேற்றினீர்கள்? என் பின்னால் நீலத் துணி போர்த்திய பலகை நிற்கிறது. அந்தத் துணியை நான் விலக்க வேண்டும். விலக்கினால் உள்ளே என் மகள் அன்பரசியின் பேர். நம் சங்கத்தின் புயல் நிதியை இனிமேல் நடத்தப்போகிற, அலைத்தொடர் கம்பெனி எழுதிய கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு ‘அன்பரசி தொடர்’ என்று பேர் சூட்டுகிறார்கள். போன தையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி நான் பறிகொடுத்தேனே, அந்தப் பிள்ளையின் பேர். அது விபத்துதான். அதற்கு வேறு கதை கட்ட நான் வரவில்லை.

ஆனால் அந்தத் துணியை நான் விலக்கப் போவதில்லை.

பின்வரிசையில் யாரோ, ‘இன்னாமே இது, கூப்ட்டவன் மானத்த வாங்குது’ என்கிறார். ஜான்சன் அண்ணாத்த, உன் குரல் எனக்குத் தெரியும். கொஞ்சம் உட்கார். முழுசாகக் கேட்டுவிட்டு ஏசு.

என் மகள் என்ன வேலை பார்த்தாள்? பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். பிளாக்செயின், பிளாக்செயின் என்கிறார்களே, கணக்கை ஒரு பீரோவில் பூட்டாமல் ஊரூராக ஆயிரம் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி எழுதி வைப்பது. அதில் பணம் எப்போது போகும், யாருக்குப் போகும் என்கிற சட்டதிட்டத்தை எல்லாம் முன்கூட்டியே புரோகிராமாக எழுதிவிடுவார்கள். அந்த எழுத்துக்குப் புரோட்டோகால் என்று பேர். காற்று இந்த வேகத்துக்கு மேல் அடித்தால், யாரும் மனுப் போடாமல், யார் காலிலும் விழாமல், புயல் பணம் தானாக உங்கள் போனுக்கு வந்துவிடும். நல்ல யோசனை. நான் குறை சொல்லவில்லை.

அந்த மாதிரி ஏற்பாடுகளைப் பரிசோதித்து மார்க் போடுவதுதான் என் மகள் வேலை. ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா, உடைத்துப் பார்த்துச் சோதித்தார்களா, வெளியாளைக் கூப்பிட்டுக் காட்டினார்களா, சாவி யார் கையில் என்று பார்ப்பாள். பார்த்ததை உலகமே படிக்கிற மாதிரி போட்டுவிடுவாள்.

வீட்டில் உட்கார்ந்துதான் வேலை. நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். ஒருநாள் போனில் ஒருத்தர், ‘எங்கள நம்புங்க மேடம், நம்புங்க மேடம்’ என்று கெஞ்சுகிறார். இவள் சொல்கிறாள்: ‘நம்பறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கல சார். பாக்கறதுக்குத்தான் குடுக்கறாங்க.’

எனக்கு மனசு கேட்கவில்லை. ‘இன்னாடி, பாவம் அந்தப் பையன். ரெண்டு மார்க் சேத்துப் போட்டா கொறஞ்சா பூடுவ?’ என்றேன்.

‘யம்மா, அவரு சொல்றது அத்தினியும் நெசமாவே இருக்கட்டும். ஆனா வெளிய எழுதி வெக்கலையே. எழுதி வெக்கலன்னா என் கணக்குல அது கெடையாது. டப்பு போடப்போற ஜனத்துக்கு இவரு போன் நம்பர் தெரியுமா?’

கேட்டீர்களா தாய்மார்களே? சொன்னால் போதாது, காட்ட வேண்டும். காதில் சொன்னால் போதாது, கண்ணில் காட்ட வேண்டும். ஒருத்தருக்குக் காட்டினால் போதாது, ஊருக்கே காட்ட வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதே அலைத்தொடரை, என் மகள் உயிரோடு இருந்தபோது பரிசோதித்தாள். நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டாள். எழுபது வாங்கினால்தான் பாஸ். அந்த மார்க் இன்றைக்கும் அவள் வேலை பார்த்த கம்பெனியின் இன்டர்நெட் பக்கத்தில் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஜாய்ஸ் அவள்கூட வேலை பார்த்த பெண். நேற்று போனில் எனக்குப் படித்துக் காட்டினாள்.

தேறவில்லை என்று அவள் சொன்ன ஒன்றுக்கு அவள் பேரா? மார்க் போட்ட கை போய்விட்டது என்பதற்காக, மார்க்கும் மாறிவிடுமா?

தம்பி பிரவின்குமார் கெட்ட பிள்ளை இல்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, கண் கலங்கி நின்றது. ‘அவங்க சொன்னதுக்கப்புறம்தாம்மா நெறைய திருத்துனோம். அந்த மரியாதைக்குத்தான் பேரு’ என்றது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தலையாட்டிவிட்டேன். புதுப் புடவை கூட எடுத்துவிட்டேன்.

இன்று காலையில் பஸ்ஸில் எங்கள் தெரு தமிழ்ச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘யக்கா, எனக்கு இந்தக் கம்ப்யூட்டரு கருமாந்தரம்லாம் ஒண்ணும் புரியல. நம்ம அன்பு பேரு போட்டுகீதே, அவ பாக்காமயா வுட்டுருப்பா? அதான் இதுல சேந்துக்கக் கையெழுத்துப் போட வந்துகினு இருக்கேன்’ என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்ச்செல்வி மட்டுமா? இந்தப் பந்தலில் எத்தனை தமிழ்ச்செல்வி? எல்லாரும் ஏற்பாட்டை நம்பி வரவில்லை. என் பிள்ளையை நம்பி வந்திருக்கிறீர்கள். என் பிள்ளையோ, இதை நம்பாதீர்கள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

என் பேர் உங்களுக்குத் தெரியும். வேண்டா. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் இனி வேண்டாம் என்று வைத்த பேர். சிரியுங்கள், பரவாயில்லை, ரேஷன் கடையிலும் சிரிக்கிறார்கள். என்னைக் கேட்டா வைத்தார்கள்? வைக்கிறவர் வைத்துவிட்டுப் போய்விடுவார், சுமக்கிறவள் நான். அதனால்தான் என் மகளுக்கு அன்பரசி என்று நானே யோசித்து வைத்தேன். அந்தப் பேரில் அவளைக் கேட்காமல் எதையும் ஏற்ற விடமாட்டேன். அவளைக் கேட்க இப்போது வழியில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதுதான் நாற்பத்தொன்று.

‘திருத்திட்டாங்கன்னு சொல்றாங்களே’ என்று ஒரு தங்கை கேட்கிறாள். நல்ல கேள்வி. ஜாய்ஸிடம் நானும் அதைத்தான் கேட்டேன். திருத்தியிருக்கிறார்கள். திருத்தின பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. பழைய வீட்டைப் பார்த்துச் சொன்னவளின் பேரை, புதிதாக எழுப்பின மாடிக்கு வைக்கலாமா? மாடி பலமாகவே இருக்கலாம். ஏறிப் பார்த்தவர் யார்?

எங்கள் ஊர்ப்பக்கம் அணுமின் நிலையம் இருக்கிறதால் அவசரகால ஒத்திகை நடக்கும். சங்கு ஊதும், பஸ் வரும், எல்லாரும் ஏறி ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒருமுறை நான் சலித்துக்கொண்டேன். ‘ஒண்ணுமே ஆவல, சோறு வடிக்கற நேரத்துல இன்னாத்துக்குடி இந்தக் கூத்து?’ அன்றைக்கு என்ன ஆயிற்று தெரியுமா? எங்கள் தெருமுனையில் கல்யாணப் பந்தல். பஸ் திரும்ப முடியவில்லை. அன்பரசி சிரித்தாள். ‘இதுக்குத்தாம்மா ஒத்திகை. நெசமா ஓடற அன்னிக்குப் பந்தல் தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்?’

புரோட்டோகாலிலும் அப்படி ஒரு பட்டன் உண்டாம். திருடன் நுழைந்தால் எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்துகிற பட்டன். தம்பி பிரவின்குமார், மேடையிலேயே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பட்டனை நீங்கள் ஒத்திகை பார்த்தீர்களா? அந்த மைக்கைத் தம்பியிடம் கொடுங்கள்.

‘எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்திருக்கோம்மா. நெசமான செயின்ல… பாக்கல.’

சட்டதிட்டத்தை மாற்றுகிற சாவி யாரிடம்?

‘மூணு பேரு கிட்ட. அதுல ரெண்டு பேரு சேந்தாதான் மாத்த முடியும்.’

யார் யார்?

‘நான், எங்க அண்ணன், அண்ணி.’

சிரிக்காதீர்கள். ஜான்சன் அண்ணாத்த, ‘ஒரே வூட்டுச் சாவிக்கொத்து’ என்று சொன்னாயே, சரிதான். ஆனால் பிள்ளை மறைக்காமல் சொன்னதே, அதற்குக் கை தட்டுங்கள். நான் தட்டுகிறேன். என் மகள் இருந்தால் இந்தப் பதிலுக்கு மார்க் போட்டிருப்பாள். மூன்று சாவிக்கு இல்லை, உண்மைக்கு.

தாய்மார்களே, பெரியவர்களே, நான் என்ன கேட்கிறேன்? ஏற்பாட்டைக் கொளுத்தச் சொல்கிறேனா? இல்லை. கம்பெனியைத் துரத்தச் சொல்கிறேனா? இல்லை. கையெழுத்தைத் தள்ளிவையுங்கள் என்கிறேன். புதிதாக எழுதியதை வெளியாள் வந்து பார்க்கட்டும். சாவி நம் சங்கத்தார் கையிலும் ஒன்று இருக்கட்டும். அந்தப் பட்டனை ஒருநாள் சொல்லிவைத்து, நாமெல்லாம் பார்க்க, அமுக்கட்டும். அத்தனையும் எழுத்தில் வரட்டும், தமிழில் வரட்டும். அப்புறம் முதல் கையெழுத்து என்னுடையது.

தலைவர் ஐயா தலையாட்டுகிறார். ஐயா, தலையாட்டினால் மைக்கில் விழாது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.

‘தள்ளி வெக்கிறோம்மா. பரிசோதிச்சு மார்க் வர்ற வரைக்கும் யாரும் கையெழுத்துப் போட வேணாம்.’

நன்றி ஐயா. தமிழ்ச்செல்வி, கேட்டாயா? பேனாவை மூடு.

மிச்சம் இருப்பது பலகை. அதற்கு ஒரு பேர் வேண்டுமே என்கிறீர்களா? வையுங்கள். ஒரு புரோட்டோகாலைக் கையில் எடுத்தால் என் மகள் கேட்கிற முதல் கேள்வியே, இதை நடத்துகிறவர் யார், சொந்தப் பேரோடு வெளியே வந்து நிற்கிறாரா என்பதுதான். நீலத் துணிக்குள் இருக்கிற பேர் யாருடையது? செத்துப்போனவளுடையது. நாளைக்குப் புயல் வருகிறது, பணம் வரவில்லை. தமிழ்ச்செல்வி யாரிடம் போய்க் கேட்பாள்? அன்பரசியிடமா? அவள் வாய் திறப்பாளா? அன்பரசியைப் பெற்ற என் வாசலுக்கு வந்து நிற்பாள். நான் என்ன பதில் சொல்வேன்?

தம்பி, உன் பேரை எழுது. உன் அண்ணன் பேரை எழுது. அண்ணி பேரை எழுது. கீழே போன் நம்பரையும் எழுது. அழகான பேருக்காக நாங்கள் இங்கே வரவில்லை. அடித்தால் எடுக்கிற பேர் வேண்டும், கூப்பிட்டால் வருகிற பேர் வேண்டும், தப்பு நடந்தால் எதிரில் நின்று பதில் சொல்கிற பேர் வேண்டும். அந்தப் பலகைக்கு உயிரோடு இருக்கிறவர் பேர் வேண்டும்.

பிள்ளையை இழந்தவள் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், ஏசிக்கொண்டே கடைசி வரைக்கும் இருந்த ஜான்சன் அண்ணாத்தைக்கும், மறைக்காமல் பதில் சொன்ன பிரவின்குமாருக்கும், வேலையை விட்டு வந்த என் அக்கா தங்கைகளுக்கும் நன்றி. துணியை விலக்காமலே இறங்குகிறேன். எல்லாருக்கும் வணக்கம்.